என்னை நேராக நிற்க வைக்காதே

குமரேசா,

நீ ரயிலேறி இன்னும் ஒரு வாரம்கூட ஆகவில்லை, அதற்குள் என்ன கடிதம் என்று நினைப்பாய். போனில் பேசியிருக்கலாம்தான். ஆனால் போனில் நான் சத்தம் போடுவேன், நீ "சரிப்பா, சரிப்பா" என்று சொல்லியே தப்பித்துவிடுவாய், உன் அம்மா பக்கத்தில் நின்றுகொண்டு, "பிள்ள சாப்பிட்டானா தூங்கினானான்னு கேக்காம என்னத்தப் பேசிக்கிட்டு இருக்கீக" என்று போனைப் பிடுங்கிக்கொள்வாள். கடிதத்தில் நீயும் குறுக்கே பேச முடியாது, அவளும் பிடுங்க முடியாது. நீ சௌகரியமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே நாங்களும் சௌகரியமே, எனக்குக் கோபம் ஆறவில்லை என்பதைத் தவிர.

கோபம் அந்தப் படத்தின் மேல். போவதற்கு முந்தின வாரம் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கொண்டுவந்து, நான் சோறு சாப்பிட உட்காரும் இடத்துக்கு நேர் எதிரே ஆணி அடித்து மாட்டிவிட்டுப் போனாயே, "அப்பா" என்று கீழே எழுதி, அந்தப் படம்தான். நரைமுடி ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிகிறது. சட்டைப்பையில் பேனாவின் கிளிப் மின்னுகிறது. கைக்கடிகாரத்தில் மணி பார்க்கலாம். வேட்டியின் கரை தையல் தையலாகத் தெரிகிறது. வெள்ளைச் சட்டையும் வேட்டியுமாக, இரண்டு பாதமும் சமமாகத் தரையில் பதிந்து, இரண்டு கையும் பக்கத்துக்கு ஒன்றாகத் தொங்க, ஒரு மனிதர் நிமிர்ந்து நிற்கிறார். அவரை எனக்குத் தெரியாது. மூன்று வேளையும் முன்பின் தெரியாத ஒருத்தர் முகத்தில் விழித்துக்கொண்டு சாப்பிடுகிறேன்.

வருகிறவர்கள் எல்லாம் பாராட்டுகிறார்கள், அதுதான் இன்னும் எரிச்சல். உன் சித்தி நேற்று வந்தாள். படத்துக்கு முன்னால் நின்று கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். "அத்தான், அப்படியே போட்டோ கணக்கா இருக்கீக! காலுகூடத் தெரியல பாருங்க!" என்றாள். அவள் நல்ல மனதோடுதான் சொன்னாள். நான் சிரித்துவைத்தேன். அவள் போன பிறகு உன் அம்மாவிடம் படத்தைக் கழற்று என்றேன். "பிள்ள ஆசையா வரஞ்சு குடுத்தது. அது அங்கனதான் இருக்கும். உங்களுக்குப் பிடிக்கலன்னா திரும்பி உக்காந்து சாப்பிடுங்க" என்றுவிட்டாள். இப்போது பின்பக்க வெறும் சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிடுகிறேன். என் வீட்டில் எனக்கே இந்த நிலைமை.

என் கால் எப்படி என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் அந்தப் படத்தைப் பார்த்தால் சொல்ல வேண்டும்போல்தான் இருக்கிறது. நினைவு தெரியாத வயதில் போலியோ வந்து வலது கால் சூம்பிவிட்டது. அந்தக் குதிகால் தரையில் படாது. நிற்கும்போது இடது கால்தான் என்னைத் தாங்கும், இடுப்பு இடது பக்கம் தள்ளிக்கொண்டு நிற்கும், அதற்கு ஈடுகட்டத் தோள் ஒரு பக்கம் இறங்கும், கழுத்து கொஞ்சம் முன்னால் வரும். நடந்தால் வலது கையால் தொடையை அழுத்தி அழுத்தித்தான் நடப்பேன். இந்தக் காலோடுதான் உன் அம்மாவைக் கட்டினேன், இந்தக் காலோடுதான் பிரஸ்ஸில் மேஜை முன்னால் நாள் முழுக்க நின்று பட்டாசு லேபிள் தாள்களில் கலர் விலகியிருக்கிறதா என்று பார்த்துக் கழிக்கிறேன். கோணலாக விழுந்த தாளைத் தூக்கி ஓரமாகப் போடுவது என் வேலை. அதே வேலையை என் மகன் என்னிடமே செய்வான் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

உனக்கு வரைய வராது என்று நான் சொல்லவில்லை. வருகிறது, அதுதான் என் பிரச்சினையே. வராத பிள்ளை என்றால் நான் பேசாமல் இருந்திருப்பேன். பள்ளிக்கூடத்தில் சேர்ந்த புதிதில் நீ கரித்துண்டால் கொல்லைச் சுவரில் ஒரு ஆடு வரைந்தாய். அதற்கு ஐந்து கால் இருந்தது, தலை எது வால் எது என்று தகராறு. ஆனால் அந்த ஆடு ஓடியது. பார்த்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள், ஓடுகிறது என்பதை மட்டும் யாரும் மறுக்கவில்லை. அப்புறம் எங்கள் பிரஸ்ஸில் இருந்த ஆர்ட்டிஸ்ட் ஒருவர், படத்தின் மேல் கட்டம் கட்டமாகக் கோடு போட்டு, அதைப் பார்த்து இன்னொரு தாளில் கட்டம் கட்டமாக வரையும் வித்தையைச் சொல்லிக்கொடுத்தார். நீ பிடித்துக்கொண்டாய். காலண்டர் சாமி, லேபிளில் மத்தாப்பு பிடித்துச் சிரிக்கும் குழந்தை, எதைக் கொடுத்தாலும் அச்சு அசலாக எடுத்தாய். பள்ளியில் பரிசும் வாங்கினாய். நானும் பிரஸ் முழுக்கக் கொண்டுபோய்க் காட்டினேன். அதற்குப் பிறகு நீ வரைந்த எதுவும் ஓடவில்லை. சாமி நிற்கலாம், பூசை நடக்கும். குழந்தையும் லேபிளில் நிற்கலாம். மனிதன் எப்படியடா அப்படி நிற்பான்?

சென்னையில் அந்தக் கார்ட்டூன் படக் கம்பெனி வைத்த டெஸ்டை எடுத்துக்கொள். மதுரையில் அனிமேஷன் படிப்பு முடித்து, வரைந்த படங்களை வைத்த இவ்வளவு பெரிய ஃபைலைத் தூக்கிக்கொண்டு போனாய். ஒரு ஆளை நடுவில் நிறுத்தி, நிமிடத்துக்கு ஒரு தரம் அவன் வேறு மாதிரி நிற்பான், அந்த ஒரு நிமிடத்துக்குள் அவனைத் தாளில் பிடித்துவிட வேண்டும் என்றார்களாம். திரும்பி வந்து, "மூஞ்சியே முடியலப்பா, அதுக்குள்ள அடுத்ததுக்குப் போயிட்டான்" என்றாய். எத்தனை தாள் கொடுத்தார்களோ அத்தனையிலும் உடம்பில்லாத தலை. ஒன்றில் புருவம்கூட முடிந்திருந்ததாமே. படம் வரைகிறவராக எடுக்க முடியாது, வேண்டுமானால் க்ளீனப் பிரிவில் சேர்ந்துகொள், ஆறு மாதம் கழித்து மறுபடி டெஸ்ட் எழுதலாம் என்று சொல்லி அனுப்பினார்கள். க்ளீனப் என்றால் என்ன என்று நான் கேட்டதற்கு நீயே விளக்கினாய். ஒருத்தர் வேகமாக ஆளின் ஓட்டத்தைப் பிடித்துக் கிறுக்கித் தருவார், நீ அதன்மேல் தாளை வைத்துச் சுத்தமான கோடாக எடுத்துக்கொடுக்க வேண்டும். நான் அந்த வேலையைக் குறைவாகச் சொல்ல மாட்டேன். நானும் அடுத்தவர் அச்சடித்ததைச் சரிபார்த்துச் சம்பளம் வாங்குகிறவன்தான். ஆனால் அதைச் சொல்லிவிட்டு நீ ஒரு வார்த்தை சொன்னாய்: "எனக்கு அதுதாம்ப்பா வரும். அந்த டெஸ்டெல்லாம் இனி வேண்டாம்." அதைத்தான் என்னால் செரிக்க முடியவில்லை.

ஏனென்றால் உனக்கு எல்லாம் தெரியும். என்னை உட்கார வைத்து நீதானே பாடம் எடுத்தாய்? "முதல்ல ஒரே ஒரு கோடுப்பா. தலையில ஆரம்பிச்சுப் பாதம் வரைக்கும். ஆளு என்ன செய்யப் போறான்னு அதுலயே தெரிஞ்சிறணும். மூஞ்சி, வெரலு, சட்டை எல்லாம் பெறகுதான்" என்றாய். இன்னொன்றும் சொன்னாய். நிற்கிற ஆளின் கழுத்துக்குழியிலிருந்து ஒரு நூலைத் தொங்கவிட்டால், எந்தக் கால் எடையைத் தாங்குகிறதோ அந்தப் பாதத்தில் வந்து விழ வேண்டும், விழாவிட்டால் படத்தில் இருக்கிறவன் சாயப் போகிறான் என்று அர்த்தம். எனக்கு இது ரொம்பப் பிடித்துப்போயிற்று. நீ வெளியே போயிருந்தபோது, உன் அம்மாவின் நூல்கண்டில் கொஞ்சம் எடுத்து, நுனியில் சாவியைக் கட்டி, பீரோக் கண்ணாடி முன்னால் நின்று பார்த்தேன். சாவி நேராக இடது பாதத்தின் மேல் வந்து நின்றது. நீ சொன்னது சத்தியம். நேற்று அதே நூலை உன் படத்துக்கு முன்னால் பிடித்துப் பார்த்தேன். இரண்டு பாதத்துக்கும் சரியாக நடுவில் தொங்குகிறது. என்னை அப்படி நிறுத்தினால் நான் குப்புற விழுந்து மூக்கை உடைத்துக்கொள்வேன், அது உனக்குத் தெரியாதா?

பொங்கலுக்கு முன்னால் வீட்டிலிருந்த அந்த நாட்களில் உனக்காகக் கொல்லையில் நின்றேன், ஞாபகம் இருக்கிறதா? அடுத்த டெஸ்டுக்குப் பழக வேண்டும் என்று நான்தான் வற்புறுத்தினேன், வேண்டாவெறுப்பாக உட்கார்ந்தாய். நிமிடக் கணக்கெல்லாம் போய், ஒரே படத்துக்கு மணிக்கணக்காக நிற்கச் சொன்னாய். இடது கால் மரத்துப்போய் நான் கொஞ்சம் மாறி நின்றால், "அசையாதீகப்பா! இப்பத்தான் தோளை முடிச்சேன்" என்று கத்தினாய். "ஏலே, நான் என்ன கொடிக்கம்பமா?" என்று நானும் கத்தினேன். உள்ளே அட்டைப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்த உன் அம்மா, "அவரு சாமி கும்புடும்போதே ஆடிக்கிட்டுத்தான நிப்பாரு, ஒனக்காக நிக்கப் போறாரா" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அசைவதைப் பிடிக்கத்தானே டெஸ்ட்? அசையாதே என்று ஆளைக் கட்டிப்போட்டுவிட்டு எதைப் பிடிக்கப் போகிறாய்? பென்சிலைத் தூக்கி எறிந்துவிட்டு நீ போனாய், நான் துவைக்கிற கல்லில் உட்கார்ந்து காலைத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்கு அடுத்து வந்ததுதான் சூலக்கரை. மாற்றுத்திறனாளி பஸ் பாஸைப் புதுப்பிக்க என்னை அங்கே கலெக்டர் ஆபீஸுக்குக் கூட்டிப்போனாய். வரிசை நீளமாக இருந்தது. உனக்குப் பொழுது போகவில்லை, உன் பையில் நான் பிரஸ்ஸிலிருந்து கொண்டுவரும் வேஸ்ட் தாள் இருந்தது, அதன் பின்பக்கம் எதையோ கிறுக்கத் தொடங்கினாய். யாரையும் அசையாதே என்று சொல்ல அங்கே உனக்கு உரிமை இல்லை. வரிசை நகர்ந்துகொண்டே இருந்தது, நீயும் விரட்டிக்கொண்டே போனாய். இடுப்பில் பிள்ளையை வைத்துக்கொண்டு ஒரு பக்கமாக வளைந்து நின்ற பெண். குத்தவைத்து உட்கார்ந்து முழங்காலில் தாடையை ஊன்றியிருந்த ஒரு கிழவர். அப்புறம் நான். ஜன்னலுக்குள் உட்கார்ந்திருந்த கிளார்க் அம்மா எதையோ கேட்டார், எனக்குக் காது சரியாகக் கேட்கவில்லை, கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே எட்டிப்பார்த்தேன். அவ்வளவுதான், அதற்குள் என்னைப் போட்டுவிட்டாய்.

வேலை முடிந்து வெளியே வந்து அந்தத் தாளைப் பார்த்தேன். முகமே இல்லை. கண் இல்லை, மூக்கு இல்லை, சட்டை எது வேட்டி எது என்று தெரியவில்லை. கம்பியை இழுத்துப் பிடிக்கிற கையிலிருந்து தோள் வழியாக இடுப்பில் இறங்கி இடது பாதத்தில் போய் முடிகிற ஒரே கோடு, சுற்றி இன்னும் கொஞ்சம் கோடுகள், தரையைத் தொடாமல் ஒரு குதிகால். எனக்கு முதலில் வெட்கமாக இருந்தது. பிறகு தாளைக் கிட்டக் கொண்டுவந்து மறுபடி பார்த்தேன். எத்தனை வருடம் இந்த உடம்புக்குள் இருந்திருக்கிறேன், வெளியிலிருந்து அதை நான் பார்த்ததே இல்லை. பரிதாபமாக இல்லையடா அது. காரியத்தை முடித்தே தீருவேன் என்று நிற்கிற ஒருத்தன். எனக்கு அவனைப் பிடித்திருந்தது. பஸ்ஸில் உன்னிடம், "இதக் கீழ போட்ராதலே" என்றேன். "ரஃப் தானப்பா. வீட்டுல போயி ஃபேர் எடுத்துத் தாரேன்" என்றாய்.

எடுத்தாய். பக்கத்தில் இருந்து பார்த்தேன். நல்ல கெட்டித் தாளில், ஜன்னல் கம்பி எல்லாம் வேண்டாம் என்று விட்டுவிட்டு, முதலில் என் குதிகாலைத் தரையில் இறக்கினாய். இறக்கியதும் இடுப்பு பொருந்தவில்லை, அதை உள்ளே தள்ளினாய். இடுப்பு போனதும் தோள் எதற்கோ சாய்ந்திருப்பதுபோல் இருந்தது, அதை நிமிர்த்தினாய். தோள் நிமிர்ந்ததும் கழுத்து. ஒரு குதிகாலுக்காக மொத்த ஆளையும் மாற்ற வேண்டியதாயிற்று. "எதுக்குலே காலை இறக்குன?" என்று கேட்டேன். நீ தாளிலிருந்து தலையைத் தூக்காமல், "சுவத்துல மாட்டப்போறதுப்பா. நாலு பேரு பாப்பாக" என்றாய். அதற்கு மேல் நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். பென்சிலைப் பிடுங்கியிருக்க வேண்டும். ஊருக்குப் போகிற பிள்ளையிடம் சண்டை எதற்கு என்று எழுந்து போய்விட்டேன். அந்த ரஃப் தாளை மறுநாள் தேடினேன். உன் அம்மா மற்ற குப்பையோடு கூட்டித் தள்ளிவிட்டிருந்தாள்.

பள்ளிக்கூடத்தில் உனக்கு ரஃப் நோட்டு, ஃபேர் நோட்டு என்று இரண்டு வாங்கிக்கொடுத்தோம். ரஃப் நோட்டில் கணக்கைப் போட்டுப் பார்த்து, அடித்து, திருத்தி, ஃபேர் நோட்டில் அழகாக எழுதி, சிவப்பு மையில் கோடு போட்டு வாத்தியாரிடம் நீட்டுவாய். யோசித்தது எல்லாம் ரஃப் நோட்டில் இருக்கும், மார்க்கு ஃபேர் நோட்டுக்கு விழும். அந்தப் பழக்கம் உன்னை விடவே இல்லை. வேகமாகப் போட்டது, யோசிக்காமல் போட்டது, நான்கு பேருக்குக் காட்டக் கூடாதது எல்லாம் உனக்கு ரஃப். அதில்தான் உயிர் இருக்கிறது என்று நீயே எனக்குப் பாடம் எடுத்துவிட்டு, நீயே அதைக் குப்பையில் போடுகிறாய். இப்போது போயிருக்கிற இடத்திலும் அடுத்தவர் ரஃபுக்கு ஃபேர் எடுக்கிற வேலைதான் உனக்கு. அவர் பிடித்த ஓட்டத்தைக் கொல்லாமலாவது எடு.

இதையெல்லாம் உன் அம்மாவிடம் கத்தினேன். அவள் பசைக் கையைத் துடைத்துக்கொண்டே, "பிள்ளையச் சொல்றீகளே, நம்ம கல்யாண போட்டோவுல நீங்க எதுக்கு ஸ்டூல்ல உக்காந்தீக? நான்தான பக்கத்துல நின்னேன்" என்றாள். உண்மைதான். உன் பள்ளி ஆண்டுவிழா, உன் சித்தி கல்யாணம், எந்தப் போட்டோவிலும் நான் உட்கார்ந்திருப்பேன், அல்லது யாருக்காவது பின்னால் நிற்பேன். மறைக்க வேண்டியது என்று நீ என்னைப் பார்த்தே படித்திருப்பாய். இருக்கட்டும். அதற்காக நீயும் அப்படியே இருக்க வேண்டுமா? நான் மறைத்ததை நீ சூலக்கரையில் ஒரு நிமிடத்தில் பார்த்துவிட்டாய். பார்த்தது உன் கைதான். அதனால் "எனக்கு வராது" என்று மட்டும் என்னிடம் சொல்லாதே. உனக்கு வரும், அது வந்ததும் நீ பயந்துவிட்டாய்.

அதனால் சொல்கிறேன், கேட்டால் கேள். ஆறு மாதம் கழித்து அந்த டெஸ்டை எழுது. அதுவரை யாரையும் நிற்கச் சொல்லாதே. எலெக்ட்ரிக் ட்ரெயினில் கம்பியில் தொங்குகிறவனைப் போடு, தண்ணீர்க் குடத்தைத் தூக்கி இடுப்பில் ஏற்றுகிறவளைப் போடு, பஸ்ஸை விரட்டிக்கொண்டு ஓடுகிறவனைப் போடு. அவன் பஸ்ஸைப் பிடிப்பதற்குள் முடித்துவிடு. முகத்தைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம், முகம் எங்கும் ஓடிப்போகாது. தாளைக் கிழிக்காமல் எனக்கு அனுப்பு. அழகாக இல்லையே என்று வெட்கப்படாதே. அழகான படம் ஒன்று இங்கே சுவரில் இருக்கிறது, அதை வைத்துக்கொண்டு நான் படுகிற பாடு போதும்.

எழுதி முடித்துவிடலாம் என்று பார்த்தால், விருதுநகர் ஸ்டேஷனில் பார்த்தது மனதை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. அன்று நீ ரயிலேறும் முன் மேம்பாலப் படியில் என்னை ஏற்றி இறக்கினாய். வர வேண்டாம் என்றாய், நான்தான் பிடிவாதமாக வந்தேன். உன் வலது கையில் பெட்டி. என் வலது கை உன் இடது தோளில். நீ என்னைவிட ஒரு தலை உயரம், அதனால் இடது தோளைத் தாழ்த்தி, என் பக்கமாகச் சரிந்து, என் கால் விழுகிற வேகத்துக்கு உன் காலை எடுத்து வைத்து நடந்தாய். யாரும் உனக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. சின்ன வயதிலிருந்தே நீ என்னோடு அப்படித்தான் நடக்கிறாய். பிளாட்பாரத்தில் ரயில் நின்றிருந்தது. ஏசி பெட்டியின் கறுப்புக் கண்ணாடியில் நாம் இருவரும் நடந்து போவது தெரிந்தது. நீ உன் கோச் நம்பரைத் தேடிக்கொண்டிருந்தாய், பார்க்கவில்லை. நான் பார்த்தேன். நானும் கோணல், நீயும் கோணல். உன் கழுத்துக்குழியிலிருந்து நூலை விட்டால் உன் காலில் விழாது, என்னுடையதும் என் காலில் விழாது. தனித்தனியாக இருவரும் விழுந்திருப்போம். சேர்ந்து நன்றாக நடந்துகொண்டிருந்தோம்.

வீட்டுக்கு வந்து நீ வரைந்த படத்தைப் பார்த்தேன். அந்த மனிதரின் வலது கை சும்மா தொங்குகிறது. அவருக்கு எதையும் பிடித்துக்கொள்ளத் தேவையில்லை, யாரும் பக்கத்தில் வர வேண்டியதில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது, கோபம் காலுக்காக இல்லை. என்னை நேராக நிறுத்துவதற்கு நீ என்னிடமிருந்து எடுத்தது உன்னைத்தானடா.

அப்பா